ஊசி போட்ட பிறகும் ஏன் அழுத்துகிறது?

கணிதப் பாடம் நடந்துகொண்டிருக்கும். வாசலில் பல் மருத்துவ நர்ஸ், அதாவது மிஸ்ஸி ஒருவர், பெயர்ப்பட்டியலோடு வந்து நிற்பார். பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வந்திருக்கிறது. மண்டபத்தில் சாய்வு நாற்காலியும் விளக்கும் தயார். அவ்வளவுதான், கடைசி வரிசையில் ஒருவனுக்கு வயிற்றைக் கலக்கும். திடலில் யாருக்கும் பயப்படாத பந்தாட்டக்காரனுக்குத் திடீரென்று கழிப்பறை ஞாபகம் வரும். பினாங்கில் கெலுகோர் பள்ளியானாலும் சரி, ஆயர் ஈத்தாமானாலும் சரி, பட்டர்வொர்த்தானாலும் சரி, இந்தக் காட்சியில் பெரிய மாற்றம் இருக்காது.

வயிற்றைக் கலக்குகிறது என்றவன் பொய் சொல்லவில்லை. மூளையின் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக அமிக்டலா என்ற சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அது முடிவு கட்டிவிட்டால், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கும். இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். ஓடுவதற்குக் கால் தசைகளுக்கு ரத்தம் நிறைய வேண்டும் என்பதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். வயிறு கலங்குவது அதனால்தான். இத்தனைக்கும் இன்னும் யாரும் பல்லைத் தொடவே இல்லை! அமிக்டலாவுக்கு, துரத்தி வரும் நாயும் ஒன்றுதான், அண்ணன் நேற்று இரவு சொன்ன பயங்கரக் கதையும் ஒன்றுதான்.

அந்தப் பயங்கரக் கதைகளுக்கு ஒரு பின்னணி உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே நர்ஸ்களைப் பழக்கும் திட்டத்தை நியூசிலாந்து 1921-இல் தொடங்கியது. அந்த முறையைப் பின்பற்றி மலாயாவில் 1949-இல் ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. எங்கே தெரியுமா? நம் பினாங்கில்தான். இன்று பள்ளிக்கு வந்து பல்லை அடைத்துவிடுகிறாரே, ஆடும் பால்பல்லை எடுத்துவிடுகிறாரே, அந்த மிஸ்ஸிகளின் கதை அங்கே தொடங்குகிறது. மலாயில் இப்போது அவர்களை ஜுருதெராப்பி பெர்கிகியான் என்கிறார்கள்.

நியூசிலாந்துப் பிள்ளைகளோ தங்கள் பள்ளிப் பல் கிளினிக்குக்கு வைத்த பட்டப்பெயர் ‘கொலை வீடு’. சிரிக்க வேண்டாம், அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. காலால் மிதித்துச் சுழற்றும் கருவியால்தான் அன்று பல்லைக் குடைந்தார்கள். மரத்துப்போக ஊசி போடுவதும் அபூர்வம். தாத்தா பாட்டி சொல்லும் பல் கதைகளும் ஏறக்குறைய அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் கேட்டுவிட்டு இன்றைய நாற்காலியில் உட்கார்ந்தால் பயம் வராமல் என்ன செய்யும்?

வலியில்லாமல் பல் எடுக்க முடியும் என்பதே ஒரு காலத்தில் யாரும் நம்பாத விஷயம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். 1844 டிசம்பரில் அவர் ஒரு வேடிக்கை நிகழ்ச்சிக்குப் போனார். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து ஆட்கள் தள்ளாடிச் சிரிப்பதுதான் வேடிக்கை. அப்படி முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டு ரத்தம் வழிந்தும் வலிக்கவில்லை என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், வெல்ஸ் யோசித்தார். மறுநாளே அதே வாயுவைத் தான் முகர்ந்து, நண்பர் ஒருவரிடம் தன் கடைவாய்ப்பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை! அடுத்த மாதம் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்து காட்டியபோது பல் எடுக்கப்பட்டவர் கத்திவிட்டார். கூட்டம் கேலி செய்து அனுப்பியது. பாவம் வெல்ஸ். இன்றும் பல நாடுகளில் பயப்படும் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவர்கள் அந்த வாயுவைத்தான் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்குப் பெரும்பாலும் போடப்போவது லிக்னோகெயின் ஊசி. சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் 1943-இல் உருவாக்கிய மருந்து இது. அவருடைய இளம் கூட்டாளி பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தனக்கே குத்திக்கொண்டு சோதித்துப் பார்த்தார். (நீங்கள் இதையெல்லாம் வீட்டில் செய்யக் கூடாது, சொல்லிவிட்டேன்.)

இந்த மருந்து என்ன செய்கிறது? வலி என்ற செய்தி நரம்பு வழியாக மின்துடிப்பாக மூளைக்குப் போகிறது. நரம்பின் சுவரில் உள்ள நுண்ணிய துளைகள் திறந்து, உப்பில் இருக்கிறதே அதே சோடியம், உள்ளே பாய்ந்தால்தான் அந்தத் துடிப்பு நகரும். லிக்னோகெயின் அந்தத் துளைகளை அடைத்துவிடும். சோடியம் உள்ளே போகாது, துடிப்பு நகராது. பல்லில் என்ன நடந்தாலும் மூளைக்கு வலிச் செய்தி வராது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நரம்பில் எல்லா இழைகளும் ஒரே தடிமன் அல்ல. சுருக்கென்ற வலியைக் கொண்டுபோவது மெல்லிய இழைகள். அழுத்தத்தையும் அசைவையும் கொண்டுபோவது தடித்த இழைகள். மருந்துக்கு மெல்லியவை சீக்கிரம் அடங்கிவிடும், தடித்தவை அவ்வளவு எளிதில் அடங்கா. ஆகவே வலி நின்ற பிறகும் யாரோ தாடையைத் தள்ளுவது, அமுக்குவது எல்லாம் நன்றாகத் தெரியும். பயந்திருக்கும் பிள்ளை அந்த அழுத்தத்தையே வலி என்று எடுத்துக்கொண்டு அலறிவிடும். நாற்காலியில் உட்கார்ந்ததும் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: இது அமுக்குகிறதா, சுருக்கென்று குத்துகிறதா? அமுக்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். குத்தினால் கையைத் தூக்குங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று தொடங்கும் முன்பே மிஸ்ஸியிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

ஏன் அவ்வளவு அமுக்க வேண்டும்? பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய நார்கள் பல்லைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. மண்ணில் இறுகிய வேலிக்கம்பை அப்படியே மேலே இழுத்தால் வராது, இப்படியும் அப்படியும் ஆட்டினால் குழி அகன்று கம்பு கழன்று வரும் இல்லையா? பல் எடுப்பதும் அப்படித்தான். பால்பல் என்றால் வேலை இன்னும் சுலபம். கீழிருந்து புதுப்பல் முளைத்து வரும்போது பால்பல்லின் வேரை நம் உடம்பின் செல்களே கரைத்துவிடுகின்றன. எடுத்த பால்பல்லைக் கையில் வாங்கிப் பாருங்கள், சிலவற்றில் வேரே இருக்காது!

ஊசி வலிக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு சின்னச் சுருக் இருக்கும். அதைக் குறைக்க ஈறில் முதலில் ஒரு களிம்பு தடவுவார்கள். வாழைப்பழ வாசனை, ஸ்ட்ராபெரி வாசனை என்று வாசனை மட்டும் ஜோராக இருக்கும். ஓரிரு நிமிடம் அது ஊறட்டும். மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி குறைவு. நல்ல மருத்துவர்கள் அவசரப்பட மாட்டார்கள். சில மருந்துகளில் துளி அட்ரினலின் கலந்திருக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து அந்த இடத்தைவிட்டு சீக்கிரம் போய்விடாமல் வைத்திருக்க. ஊசிக்குப் பிறகு நெஞ்சு சற்றுப் படபடத்தால் அதுவும் காரணமாக இருக்கலாம், சீக்கிரம் அடங்கிவிடும்.

அந்த நேரத்தில் மூச்சு கைகொடுக்கும். நாலு எண்ணும் வரை உள்ளே இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு இப்போதே செய்து பாருங்கள்.

பல் எடுத்தபின் பஞ்சுத் துணியை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். குழியில் ரத்தம் உறைவதற்காக. அந்த உறைவு கலைந்துவிடக் கூடாது. அன்று வாயை வேகமாகக் கொப்பளிப்பதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் வேண்டாம். உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். விளையாட்டாகக் கடித்துப் பார்த்தால் புண்ணாகிவிடும், சூடான மைலோ குடித்தால் சுட்டது தெரியாது. மரப்பு தெளிந்த பிறகு ஐஸ்கிரீம் கேட்டால் அம்மா மறுக்க மாட்டார்.

பிரிட்டனில் ஜெரி கென்ட் என்ற உளவியலாளர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பல் மருத்துவரிடம் வந்தவர்களிடம், எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டார். முடிந்ததும், எவ்வளவு வலித்தது என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து, அன்று எவ்வளவு வலித்தது, ஞாபகமிருக்கிறதா என்று மறுபடி கேட்டார். அதிகம் பயந்தவர்கள் மூன்று மாதம் கழித்துச் சொன்ன வலி, அன்று உண்மையில் பட்ட வலியைவிட, முன்னால் பயந்து எதிர்பார்த்த வலிக்குத்தான் நெருக்கமாக இருந்தது. அடுத்த முறை அவர்கள் கிளினிக் வாசலில் நின்று பயப்படுவது, படாத வலிக்கு!

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். பல் எடுக்கப் போகும் முன் ஒரு நோட்டில், எவ்வளவு வலிக்கும் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை எழுதுங்கள். முடிந்து வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு வலித்தது என்று இன்னோர் எண்ணை எழுதுங்கள். நோட்டை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தவணையில் மிஸ்ஸி பட்டியலோடு வரும்போது, நோட்டைப் பார்க்காமல் மூன்றாவது எண்ணை எழுதிவிட்டு, மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.