நாற்பது லீற்றர் வெந்நீர்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்த காலம். பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும் அதே நாட்களில் மககஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயமும் நடப்பது வழக்கம். 1934 இல் தொடங்கிய பந்தயம் இது. ஒவ்வொரு காராக உறுமிக்கொண்டு மேலேறும்; விநாடிகளைக் கணக்கிட்டுக் கோப்பை கொடுப்பார்கள். இறங்கி வருவதற்குக் கோப்பை இல்லை. ஆனால் மலையில் ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிப்பது இறக்கம்தான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் கார் ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகிறது. நான்கு பேரோடு ஒரு மொரிஸ் மைனர் காரின் எடை சுமார் ஒரு தொன். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி 1 கோடியே 37 இலட்சம் ஜூல். இது நாற்பது லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு லயத்துக்கே தேநீர் ஊற்றலாம். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பிரேக் என்பது ஒருவகை அடுப்பு. வேகத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை. பழைய கார்களில் சக்கரத்தோடு சுழலும் இரும்பு ட்ரம்முக்குள் பிறை வடிவான இரண்டு சூக்கள் இருக்கும். மிதித்தால் அவை விரிந்து ட்ரம்மை உட்புறமாக அழுத்தும். விடாமல் மிதித்தால் ட்ரம் சூடேறி விரிந்து சூவை விட்டு விலகும்; சூவின் லைனிங்கும் பிடிப்பை இழக்கும். போதாததற்கு, பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்குகிறது. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஆகவே கால் தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. மாதக்கணக்கில் மூடுபனி படியும் ஹட்டனிலும் நானுஓயாவிலும் ஒயிலைக் காலத்துக்குக் காலம் மாற்றுவதை வெறும் சம்பிரதாயம் என்று சொல்ல முடியாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற சாரதிகளின் பழைய விதியும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்: வெப்பத்தில் ஒரு பகுதியை எஞ்சினிடம் தள்ளிவிடுவது.

ஆக, மலையில் கார் வைத்திருப்பவருக்குப் பழுது எப்போதோ வரும் விபத்தன்று. வாராவாரம் வரும் வேலை. அப்படியானால் அந்த வேலை எந்த அளவுத் துண்டுகளாகப் பிரிகிறது என்பதே கேள்வி. மலைநாட்டில் பழைய கார்கள் நிலைத்ததற்கு ஏக்கத்தையும் ஏழ்மையையும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட வலுவாகத் தோன்றும் காரணம், அவற்றின் பழுது ஓய்வு நேரத்தின் அளவுக்குப் பிரியக்கூடியது என்பது. தேயிலைத் தொழிற்சாலையின் பிட்டரோ, லொறிச் சாரதியோ, பாடசாலை ஆசிரியரோ, ஹட்டன் கடைவீதிக்காரரோ, எவருக்கும் ஒரு முழு நாள் சும்மா கிடைப்பதில்லை. கொழுந்து மிகும் பருவத்தில் தொழிற்சாலை இரவிலும் ஓடும். மிஞ்சுவது சில மாலைகளும் ஞாயிறின் அரைநாளும்.

மொரிஸ் மைனரைத் திறந்து பார்த்தால் இது புரியும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரிக் கார் குறுகலாகத் தெரிகிறதென்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே முடிவாக்கினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான மேடு அந்த அறுவையின் தழும்பு. பிரித்தானியாவில் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இதுவே. சக்கரங்களுக்கு மேலுள்ள மட்காடுகள் நான்கும் பொல்ட்டில் நிற்பவை. துரு தின்ற ஒன்றைக் கழற்றி, மற்ற மூன்றையும் தொடாமல் வேறொன்றை மாட்டலாம். எஸ்.யூ. கார்ப்ரேட்டரின் அடியிலுள்ள ஒரு நட்டைத் திருப்பினால் பெற்றோல் கலவை மாறும். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் நுவரெலியாவில் அந்த நட்டுக்கு நிறைய வேலை உண்டு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றித்தான் ஒயில் ஊற்ற வேண்டும். வசதிக்குறைவுதான், ஆனாலும் பத்து நிமிட வேலை. முன்சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து சக்கரம் ஒருநாள் மடிந்து விழும். இந்த வேலைகள் எல்லாவற்றையும் இன்று தொடங்கி, இருட்டியதும் நிறுத்தி, அடுத்த ஞாயிறு தொடரலாம்.

நாட்டின் வரலாறும் இதற்குத் துணை போயிற்று. அறுபதுகளில் தொடங்கிய அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, எழுபதுகளின் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு ஆகியவற்றால், 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இருந்த காரையே ஓட்ட வேண்டியிருந்தது. கடைசலில் பாகம் செய்யும் கைகள் அப்போது பெருகின. அதன் விளைச்சல் வேடிக்கையானது: தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர் தம் கார்களுக்குரிய தகட்டுப் பாகங்களைச் செய்விக்க இலங்கைக்கு வந்தார். கார் பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து பாகம் போயிற்று. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 இல்தான் கதவு திறந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்ததே 2024 இல்தான். அங்கே கார் ஆர்வம் யாருக்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. லயத்து வாசலில் நிற்பது பெரும்பாலும் ஆட்டோவோ மோட்டார் சைக்கிளோதான். ஆனால் ஆட்டோவும் சிறு துண்டுகளாகப் பழுதுபார்க்க முடிவதால்தான் அங்கே நிற்கிறது, வாதம் மாறவில்லை. ஓய்வு நேரம் இலவசமில்லை, வீட்டு வேலையும் பிள்ளைகளின் நேரமும் அதில் கரைகின்றன என்பது இன்னும் கனமான மறுப்பு. ஆர்வலர்கள் தனியாக அன்றி மூன்று நான்கு பேராகச் சேர்வதன் தேவை இங்கேதான் தெரிகிறது. ஒருவரின் கார் கல்லின் மேல் ஏறி நிற்கும் வாரம் இன்னொருவரின் கார் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டும். நான்கு பழைய கார்கள் சேர்ந்தால் எப்போதும் குறைந்தது இரண்டு ஓடும் என்பது கேலிபோல் ஒலிக்கும், கணக்காகவும் நிற்கும்.

புதிய ஹைபிரிட் கார் மேலானதில்லையா? பெற்றோலிலும் பாதுகாப்பிலும் சந்தேகமில்லாமல் மேலானது. இறக்கத்தின் சக்தியை வீணாக்காமல் பட்டரியில் சேர்க்கிறது. ஆனால் நம் நாற்பது லீற்றர் வெந்நீர் மின்கணக்கில் 3.8 அலகு. டொயோட்டா அக்வா போன்ற சிறு ஹைபிரிட்டின் பட்டரி ஓர் அலகுக்கும் குறைவானது. பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடும்; மிச்சத்துக்கு எஞ்சினையும் பிரேக்கையும்தான் நம்ப வேண்டும். அதன் பட்டரிச் செல்களையும் நம் மெக்கானிக்குகள் இப்போது பிரித்து மாற்றுகிறார்கள். இருந்தாலும் உயர் மின்னழுத்தத்தைப் பாதியில் திறந்துபோட்டு ஞாயிறுவரை வைக்கும் துணிவு எவருக்கும் வரக்கூடாது.

மைனரின் மிகப்பெரிய குறையை மறைக்க முடியாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்று. எங்கே கசிந்தாலும் நான்கும் போய்விடும், கையில் கைபிரேக் மட்டும் மிஞ்சும். குழாயைப் பிரித்தால் காற்றும் உள்ளே புகும்; அதனால் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது எயார் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே இருந்து மிதித்துப் பிடிப்பார். மற்றவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் தளர்த்துவார். குமிழி கலந்த ஒயில் போத்தலுக்குள் கொப்பளிக்கும். நிப்பிளை இறுக்கிய பின்பே காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போகும். அதனால் சக்கரத்தடியில் இருப்பவர் குரல் கொடுக்கும் வரை மேலே இருப்பவர் அசையக்கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கிக் கிட்டிய சக்கரத்தில் முடிப்பார்கள். நான்காவது சக்கரத்துக்கு வரும்போது பெரும்பாலும் இருட்டியிருக்கும். டோர்ச் பிடிக்க மூன்றாவது ஆளும் தேவைப்படும்.