உரிமைத்தொகை கிடைக்கலையா? கரண்ட் பில்லை எடுங்க

2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1.06 கோடி பேருக்கு. மிச்சம் உள்ளவர்களில் உங்க அம்மாவும் ஒருவரா? வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், கார் கிடையாது. அப்புறம் ஏன் நிராகரிப்பு எஸ்.எம்.எஸ்.?

மின்சாரத்தைப் பாருங்க. ஆண்டுக்கு 3600 யூனிட் தாண்டினால் தகுதி இல்லை. இரண்டு மாசத்துக்கு ஒரு பில் என்பதால், ஒரு பில்லுக்குச் சராசரி 600. ஒரு குடும்பத்துக்கு இது தாராளம்தான். ஆனா அம்பத்தூர், ஆவடி பக்கம் மூணு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் இருக்கிற வாடகை வீடுன்னா? விண்ணப்பத்தில் அந்த இணைப்பு எண்ணைத்தான் எழுதியிருப்பீங்க. மாடி வீட்டு ஏசியும் உங்க அம்மா கணக்கில்! (ஓனர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறார்ங்கிறது தனிக் கதை.)

தகவல் வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவு எடுப்பவர் வருவாய் கோட்டாட்சியர். மாவட்டத்தைக் கவனிங்க: அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர். மையத்துக்கு நீங்களும் கூடப் போங்க, வாடகை ஒப்பந்தத்தோடு. அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வர்றாங்க.