வால் வீசும் கார்

அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவிற் பக்கமாகப் பொத்துவிலை நோக்கிச் செல்லும் ஏ-4 வீதியிலே, மாரி தொடங்கியதும் உழவு இயந்திரங்கள் வயற்சேற்றை இறைத்துச் செல்கின்றன. கடற்காற்றோ மணலைக் கொணர்ந்து தூவுகின்றது. கதிர்காம யாத்திரிகர் கால்நடையாகச் செல்லும் பாதையும் இக்கரையோரமே. இத்தகைய வீதியின் வளைவொன்றில் விரைந்து வரும் கார் வாலை வீசிச் சுழலுமாயின், ஓரத்தில் நடப்பவர் ஒதுங்குவதற்கும் அவகாசம் இராது.

கார் ஏன் வாலை வீசுகின்றது? ஒரு டயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினதே. அவ்வுள்ளங்கையின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியை உந்துவதும், நிறுத்துவதும், வளைவிலே பக்கவாட்டில் தாங்குவதும் ஆகிய மூன்று வேலைகளும் அவ்வொரே பிடிப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பின்சில்லுகளால் உந்தப்படும் காரில், சாரதி வளைவின் நடுவே அக்சிலரேற்றரை அழுத்தினால், உந்துதலே பிடிப்பின் பெரும்பகுதியை உண்டுவிடுகின்றது. தாங்குவதற்கு மிச்சமில்லாத பின்சில்லுகள் வெளிப்புறமாக வழுக்க, காரின் முகம் சுக்கான் காட்டும் அளவுக்கு மேலாக உட்புறம் திரும்புகின்றது.

ஆயின், வேகக் கார்களைச் செய்வோர் பின்சில்லு உந்துகையை விரும்புவது ஏன்? வேகம் எடுக்கையிற் பாரம் பின்னே சாய்ந்து அச்சில்லுகளுக்கு வலுவூட்டுகின்றது. முன்சில்லுகள் திரும்பும் தொழிலை மட்டும் கவனிக்கின்றன. இலங்கை மக்கள் பல்லாண்டு போற்றிய மொறிஸ் மைனரும் பின்சில்லு வண்டியே. அதன் சிறிய எஞ்சினுக்கு வாலை வீசச்செய்யும் வலு அரிதாகவே இருந்தது என்பது அதன் உரிமையாளருக்கு வாய்த்த நற்பேறு.

வால் வழுக்கியதும் கால் தானாகவே தடுப்பை நாடும். அதுவே கேடு. தடுப்பை மிதித்தாலும், அக்சிலரேற்றரைச் சட்டென விட்டாலும், பாரம் முன்னே பாய்ந்து பின்சில்லுகள் மேலும் இலேசாகின்றன. வால் எப்பக்கம் வீசுகிறதோ அப்பக்கமே சுக்கானைத் திருப்பி, காலை மெல்லத் தளர்த்த வேண்டும். வால் மீண்டும் பிடித்ததும் சுக்கானை நேராக்கத் தாமதித்தால், கார் எதிர்ப்புறம் உதறிவிடும். இத்தனையையும் கண்ணிமைப்பொழுதில் முறையாகச் செய்யும் சாரதியர் வெகு சிலரே.

அக்குறையை நிரப்ப 1995 ஆம் ஆண்டிலே பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனமும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. சாரதி எத்திசையை விரும்புகிறார் என்பதைச் சுக்கானிலுள்ள உணரி அறிவிக்கின்றது; கார் உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்பதை மற்றோர் உணரி அறிவிக்கின்றது. இரண்டும் முரண்பட்டால், கணினி எஞ்சினின் வலுவைக் குறைத்து, ஒரு சில்லின் தடுப்பை மாத்திரம் பிடிக்கின்றது. இடப்புற வளைவில் வால் வலப்புறம் வீசினால், வலது முன்சில்லே பிடிக்கப்படும். வலப்பக்கத் துடுப்பை நீரில் ஊன்றினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும் என்பதைத் திருக்கோவில் மீனவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை, தத்துவம் அதுவே.

1997 இல் சுவீடனிலே, திடீரெனத் தடையை விலகிச்செல்லும் சோதனையில் மெர்சிடிஸின் சிறிய ஏ-வகுப்புக் கார் கவிழ்ந்தது. அது முன்சில்லு உந்துகை வண்டி. அதன்பின் அவ்வகைக் கார்கள் அனைத்திலும் இக்கருவி பொருத்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா 2012 ஆம் ஆண்டு மாதிரிகள் முதலாகவும், ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதலாகவும் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கின.

எனினும் கருவி பிடிப்பைப் படைப்பதில்லை. இருக்கும் பிடிப்பைப் பங்கிடுகின்றது, அவ்வளவே. தேய்ந்த டயருக்கும் மிதமிஞ்சிய வேகத்துக்கும் அதனிடம் மருந்தில்லை. வாலை வீசிக் காட்டும் ஆசையால் அதனைப் பொத்தானால் அணைப்போரும் உளர். பந்தயத் திடலில் அது அவரவர் விருப்பம். பிள்ளைகள் பள்ளி செல்லும் வீதியில் அன்று.

சாரதியின் முன்னே, வளைந்த தடங்களுடன் கார் வடிவில் மஞ்சள் விளக்கொன்று உண்டு. அது மினுங்கினால் கருவி வேலை செய்கின்றது என்பது பொருள். அணையாது எரிந்துகொண்டே இருந்தால், கருவி அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுதுற்றிருக்கிறது. பாவித்த கார் வாங்குவோர் மாரிக்கு முன்னரே இவ்விளக்கைக் கவனித்தல் வேண்டும்.