ஊசி இல்லாத கனவு
சர்க்கரை ஏறினால் சிவப்பணுவின் மின்குணம் மாறுகிறது. அதை நம்பி வந்த கைக்கடிகாரம் ஏன் தோற்றது?

விரல் நுனியில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம், மீட்டரில் ஓர் எண். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பலருக்கு இது அன்றாடச் சடங்கு. குத்தாமலே சர்க்கரையைச் சொல்வதாக ஒரு கடிகாரம் வந்தால், விலை கேட்க ஆள் இருக்கும்.

இந்தக் கனவு முழுக்கக் கற்பனையல்ல. சிவப்பணுவின் சவ்வுக்கு இருபுறமும் உப்புக் கரைசல். நடுவே மின்சாரத்தை எளிதில் விடாத கொழுப்புப் படலம். ரேடியோவில் உள்ள கண்டென்சரின் அமைப்பும் இதேதான். 1925இல் ஹ்யூகோ ஃப்ரிக்கே என்ற இயற்பியலாளர் ரத்தத்தில் மாறுமின்சாரத்தைச் செலுத்தி, இந்தக் ‘கண்டென்சரின்’ திறன் சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட் என்று அளந்தார். அதிலிருந்து சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்றும் கணித்தார். அப்போது எலெக்ட்ரான் நுண்ணோக்கியே பிறக்கவில்லை.

சிவப்பணுவுக்கு குளுக்கோஸ்தான் எரிபொருள். இன்சுலினுக்குக் காத்திராமல், சவ்விலுள்ள குளூட்-1 என்ற புரதத்தின் வழியே அது உள்ளே போகிறது. ஆனால் இந்த வாசல் ஆள் பார்த்துத்தான் திறக்கும். உடல் பயன்படுத்தும் டி-குளுக்கோஸுக்கு அனுமதி உண்டு. அதன் கண்ணாடிப் பிம்பமான எல்-குளுக்கோஸுக்கு இல்லை. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யூரி ஃபெல்ட்மன் குழுவினர் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தின. டி-குளுக்கோஸ் சேர்த்தபோது சவ்வின் மின்தேக்குத் திறன் மாறியது. எல்-குளுக்கோஸ் அப்படிச் செய்யவில்லை. கரைசலில் ஏதோ ஒரு சர்க்கரை கூடியதால் வந்த விளைவல்ல இது என்று தெளிவானது.

இதே எண்ணத்தில் உருவானதுதான் ‘பெண்ட்ரா’ என்ற சுவிஸ் கைக்கடிகாரம். சர்க்கரை மாறினால் செல் சவ்வுகளின் மின்குணம் மாறும், அது தோலில் செலுத்தும் மின்னலையில் தெரியும் என்பது கணக்கு. 2003இல் ஐரோப்பிய அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் நெதர்லாந்து மருத்துவர்கள் நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது. அளவீடுகளில் 4.3 சதவீதம் மிக ஆபத்தான பிழைகள். அதாவது தாழ்சர்க்கரையை உயர்சர்க்கரை என்றோ, உயர்சர்க்கரையைத் தாழ்சர்க்கரை என்றோ காட்டும் ரகம். சர்க்கரை இறங்கிக் கிடப்பவர் அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் மயக்கம், வலிப்பு, மரணம்கூட நேரலாம்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவை கழுவிச் சுத்தம் செய்த அணுக்கள். மணிக்கட்டில் இருப்பதோ வியர்வை, வெப்பம், ரத்த ஓட்டம், பட்டையின் இறுக்கம். இவை ஒவ்வொன்றும் மின் அளவை மாற்றும். அந்த இரைச்சலில் சவ்வின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது.

தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள் வேறு ரகம். அவற்றின் மெல்லிய இழை தோலுக்கு அடியில் இருக்கிறது.

சவ்வு பொய் சொல்வதில்லை. அதை வெளியிலிருந்து பிசகாமல் கேட்கும் கருவி வரும்வரை விரல் நுனிக்கு விடுதலை இல்லை.