உங்களுக்குத் தெரியுமா? ஒரே 7, எத்தனை முதுகு!
ஆயக்குடிப் பக்கம் 7ஆம் எண் பனியனைப் பார்த்தால் தோனி ஞாபகம்தான் வரும். கால்பந்துப் பிரியர்களுக்கோ அது மான்செஸ்டர் யுனைடெட். பெஸ்ட், ராப்சன், கன்டோனா, பெக்காம், ரொனால்டோ என அந்த எண்ணுக்கு ஒரு வம்சமே உண்டு. யார் பெரியவர்? டீக்கடையில் பொழுது போக இது போதும். ஆனால் ஜார்ஜ் பெஸ்டை இந்த வரிசையில் வைக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர் காலத்தில் 1 முதல் 11 வரையான எண்கள் ஆளுக்கு உரியவை அல்ல, ஆடும் இடத்துக்கு உரியவை. அவரே 11ஆம் எண்ணோடும் ஆடியிருக்கிறார். பிரீமியர் லீகில் ஆளுக்கொரு நிலையான எண் வந்தது 1993இல்தான். அதன் பிறகும் எண் ஆட்டக்காரரின் விருப்பம் மட்டுமல்ல: 2003இல் யுனைடெட்டில் சேர்ந்த ரொனால்டோ கேட்டது 28. பயிற்சியாளர் ஃபெர்குசன் கொடுத்தது 7. பக்கத்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியோ இப்படி ஒரே எண்ணில் ஆளை ஒப்பிடவே இடம் வைக்க விரும்பவில்லை: 2020இல் அதன் ஆட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் விலகியதும், அவருடைய 21ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது.