ஜீவ அணு காலூன்றும் தளம்

இரத்தத்தில் மிதந்து திரியும் அணுக்களை விலக்கிவிட்டுப் பார்த்தால், நம் சரீரத்திலுள்ள ஜீவ அணுக்களில் பெரும்பாலானவை, பற்றிக்கொள்ள ஒரு தளம் வாய்த்தாலொழிய வளரவும் மாட்டா, பெருகவும் மாட்டா, நெடுநாள் உயிர் தரிக்கவும் மாட்டா. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இரத்தக் குழாயின் சுவரிலும் அத்தளத்தை அமைத்துக் கொடுக்கும் பிரதானமான புரதம் கொலாஜன். நம் உடம்பிலுள்ள புரதம் முழுவதையும் திரட்டி எடைபோட்டால், ஏறக்குறைய கால் பங்கு இந்த ஒன்றாகவே இருக்கும்.

இதன் வடிவத்தை ஆராய்ந்து கூறியதில் சென்னைக்கு விசேஷமான பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாவான கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணினூடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பெற்ற படத்தை ஆதாரமாகக் கொண்டு, மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் சேர்ந்தமைந்ததே கொலாஜன் என்று 1954-இல் அறிவித்தார்கள். அம்மூன்றும் முப்புரிக் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதை மறு ஆண்டில் விளக்கினார்கள். இந்தக் கயிற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர். பருமனோ ஒன்றரை நானோமீட்டர்தான்.

இத்தகைய நீண்ட, மெல்லிய பதார்த்தம் ஒரு பரப்பின்மேல் எவ்வாறு படிகிறது என்பதே நம் விசாரணை. பஞ்சு நீரைத் தன்னுள் வாங்கிக்கொள்வது உறிஞ்சுதல். திரவத்தில் கரைந்துள்ள ஒரு பொருள், உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே வந்து ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். கொலாஜன் படிவது இந்த இரண்டாம் வகையே. பிளாஸ்டிக் போன்ற, மெழுகைப்போல் நீரை ஒதுக்கும் பரப்பின் அருகில் புரதம் வரும்போது, அதன் நீர் விரும்பாத பாகங்கள் அப்பரப்போடு பொருந்தி, இடையிலுள்ள நீரை வெளியேற்றிவிடுகின்றன. கண்ணாடி போன்ற, நீரை ஏற்கும் பரப்பிலோ, எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு முக்கியமாகிறது. ஆகவே படியும் அளவும், படிந்தவை கிடக்கும் வகையும், பரப்புக்குப் பரப்பு வேறுபடுகின்றன.

பரிசோதனைச் சாலையில் இது நடைபெறும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். எலியின் வாலிலிருந்து உருவிய வெண்ணிறத் தசைநாண்களை, புளிக்காடிக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலத்தின் மிக நீர்த்த கரைசலில் இட்டு வைத்தால், கொலாஜன் கரைந்து தெளிந்த திரவமாகிறது. அதை மட்டாக நீர்க்கச் செய்து, வட்டத் தட்டின் அடிப்பரப்பு நனையும்படி ஊற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, மீந்ததை உறிஞ்சியெடுத்து, அமிலம் நீங்க உப்புக் கரைசலால் அலசிவிட்டால் போதும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு படலம் தங்கியிருக்கும். அதன்மேல் அணுக்களை விட்டதும், அவை முதலில் நீர்த்துளிபோல் உருண்டையாக இருந்து, பின்பு மெல்லத் தட்டையாகி, நாற்புறமும் விளிம்பு நீட்டி உடும்புப்பிடியாகப் பற்றிக்கொள்வதை உருப்பெருக்கியில் காணலாம்.

இந்தப் பிடிக்குக் கருவியாவது, அணுவின் மேலுறையில் ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்னும் புரதம். அதன் ஒரு முனை வெளியே கொலாஜனைத் தொட, மறுமுனை அணுவின் உள்ளேயுள்ள இழைகளோடு இணைப்புப் பெறுகிறது. அதனால் வெளித்தளத்தின் செய்தி உள்ளே சென்று, அணுவின் உருவத்தையும் வளர்ச்சியையும் நிர்ணயிக்கிறது. கொலாஜனை நாடும் இன்டெக்ரின்கள், அதிலுள்ள ஆறு அமினோ அமிலங்களாலான ஒரு சிறு பகுதியை, முப்புரி குலையாமல் இருக்கும்போதுதான் அடையாளம் காண்கின்றன. சூடேற்றி அம்முறுக்கைப் பிரித்துவிட்டால் கொலாஜன் ஜெலட்டினாகிறது. அணுக்கள் அதிலும் ஒட்டும், ஆனால் வேறு இன்டெக்ரின்களின் வழியே ஒட்டும்.

புரதம் ஒன்றே ஆயினும் அது கிடக்கும் நிலை மாறினால் அணுவின் நடத்தையும் மாறுகிறது என்பதுதான் இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அமிலக் கரைசலில் தனித்தனியாக இருக்கும் கொலாஜன் மூலக்கூறுகள், அமிலத்தை நீக்கி உடற்சூட்டில் வைத்தால் தாமாகவே அணிவகுத்து, 67 நானோமீட்டருக்கு ஒரு வரியாகக் கோடிட்ட இழைகளாகின்றன. இரத்தக் குழாய்ச் சுவரின் தசை அணுக்கள், தனி மூலக்கூறுகள் படிந்த தளத்தில் பெருகுகின்றன. இழைகளாலான தளத்திலோ பெருக்கத்தை நிறுத்தி அமைதியுறுகின்றன. இழைகள் குலையாத பழுதற்ற குழாய்க்கும், அவை குலைந்து சிதைந்த குழாய்க்கும் உள்ள வேற்றுமையை அணு இவ்வாறு ஸ்பரிசத்தாலேயே அறிகிறது போலும்!

உடம்புக்குள் பொருத்தும் செயற்கை உறுப்புகளுக்கும் இந்த நியதியே பொருந்தும். டைட்டானியமாயினும் பிளாஸ்டிக்காயினும், இரத்தம் பட்ட கணத்திலேயே புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. முதலில் அமர்ந்த ஃபைப்ரினோஜன் என்னும் இரத்தப் புரதத்தைப் பின்னால் வருபவை பெயர்த்து இடம் பிடிப்பதை லியோ விரோமன் என்ற அறிஞர் எடுத்துக் காட்டினார். அணுக்கள் வந்து சேர்வதற்குள் இத்தனையும் நிகழ்ந்துவிடுவதால், அவை தொடுவது உலோகத்தையன்று. அதன்மேல் படிந்த புரதப் படலத்தையே. ஆகையால், நோயாளியின் உடம்பு ஏற்றுக்கொள்ளக்கூடிய பொருளை ஆக்க முனைவோர், அப்பொருளின் உறுதியையும் எடையையும் ஆராய்வதோடு நில்லாமல், அதன்மேல் எந்தப் புரதம் எந்த நிலையில் படியும் என்பதை முதற்கண் ஆராய்தல் அவசியம்.