முகத்தளர்ச்சி நீக்கும் சத்திர சிகிச்சை

மூப்பினால் தளர்ந்த முகத்தை உயர்த்திச் சீர்செய்யும் சத்திர சிகிச்சை பலவகைப்படும். வைத்தியர் முகத்தின் எந்தப் படையைப் பற்றி இழுக்கின்றார் என்பதே அவற்றுள் வேற்றுமை.

முதலாவது, தோலை மாத்திரம் இழுப்பது. பெர்லின் நகரத்து ஹொலாண்டர் என்பார் 1901இல் கையாண்டதாகச் சொல்லப்படுவது இதுவே. காதோரத்தில் தோலைச் சிறிது அரிந்து தைத்துவிடுவர். இஃது எளிதாயினும், தோல் நெகிழுந் தன்மையதாதலின் விரைவில் மீண்டும் தளரும். மிகுதியாக இழுத்தாலோ வடு அகன்று முகத்தின் இயல்பு கெடும்.

இரண்டாவது, தோலின் கீழே முகத்தசைகளைப் பிணைத்து நிற்கும் நார்ப்படையை இறுக்குவது. மிட்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் 1976இல் இப்படையை விளக்கினர். இழுவிசையை இப்படையே தாங்குதலின், தோலை வலிந்திழுக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, அந்நார்ப்படையின் கீழே சென்று, அதனைப் பிணித்துள்ள கட்டுகளை விடுவித்து, தோலையும் படையையும் ஒருங்கே உயர்த்துவது. அமெரிக்க வைத்தியர் ஹாம்ரா 1990இல் இதனை விவரித்தார். கன்னத்தின் தளர்ச்சிக்கு இது பெரிதும் உதவும். ஆயின் முகநரம்பின் கிளைகள் அருகே ஓடுதலின், கைதேர்ந்தாரே செய்தற்குரியது.

உதட்டைச் சூழ்ந்த நுண்சுருக்கங்களை இவற்றுள் எதுவும் போக்காது. புகை பிடிப்போர்க்குத் தோலின் இரத்த ஓட்டம் குன்றுதலால் புண் ஆறாது போதலும் உண்டு. எம்முறையாயினும் மூப்பை நிறுத்தாது. சில ஆண்டுகள் பின்னிடச் செய்யும். ஆதலின், தம் முகத்தில் தளர்ந்தது தோலா, அதன் கீழுள்ள படையா என்று வைத்தியரிடம் முதற்கண் வினவியறிதலே அறிவுடைமையாம்.